கொழுந்தும் கோப்பையும்

(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று உலகெங்கும் கையால் மட்பாண்டம் செய்கிற கலைஞர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேயிலை மலையில் நின்றுகொண்டு களிமண்ணைப் பற்றிப் பேசுவானேன் என்று யாராவது நினைத்தால், அவரை நான் முதலில் மாத்தளைக்கு அழைத்துப்போவேன்.

மாத்தளை என்றால் மலையகத் தமிழராகிய நமக்கு முத்துமாரியம்மன் கோயில் நினைவுக்கு வரும். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சிய நம் முன்னோர் வந்து சேர்ந்த ஊர். அவர்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் நடந்த மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் புறப்பட்டு மாத்தளையில்தான் வந்து முடிந்தது. அந்த மாவட்டத்தின் நிலத்துக்கு அடியில் பெல்ஸ்பார் என்ற கல் கிடக்கிறது. ஓவல, கைகாவல பக்கங்களில் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். பீங்கான் கோப்பைக்கு முக்கியமாக மூன்று பொருட்கள் வேண்டும். கயோலின் என்கிற வெள்ளைக் களிமண் ஒன்று. அது நம் நாட்டில் பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடவிலும் கிடைக்கிறது. படிகக்கல் ஒன்று. மூன்றாவது இந்தப் பெல்ஸ்பார். 1,300 பாகை வெப்பத்தில் பெல்ஸ்பார் உருகி மற்ற இரண்டையும் பிணைத்துப் பிடித்துக்கொள்வதால்தான் பீங்கான் வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது, தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. 1970களில் ஜப்பானின் நொரிடாக்கே நிறுவனம் மாத்தளையில் வந்து தொழிற்சாலை போட்டதற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம். இன்று உலகின் பல நாடுகளில் மேசைமேல் இருக்கிற கோப்பைகளின் அடியில் இலங்கையின் பெயர் அச்சாகியிருக்கிறது.

ஆக, இந்த மலைநாட்டிலிருந்து தேயிலையும் கப்பலேறியது, அதைக் குடிக்கிற கோப்பையும் கப்பலேறியது. ஒன்றைப் பறித்துக் கொடுத்தது நம் கை. மற்றதன் உருவத்தைத் தீர்மானித்ததில் நமக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. இருநூறு வருட வரலாற்றில் மலையகத் தமிழர் மண்ணைக் கொத்தினார்கள், வெட்டினார்கள், சுமந்தார்கள், அதில் புதைந்தும் போனார்கள். மண்ணை எடுத்துத் தமக்கு வேண்டிய ஒரு வடிவம் செய்துகொள்கிற வாய்ப்பு மட்டும் கிடைக்கவில்லை. அந்த வாய்ப்பு இப்போது கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

ஏன் கிடைக்கவில்லை? நம் முன்னோர் புறப்பட்டு வந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர். இதில் புதுக்கோட்டையும் அதைச் சுற்றிய சீமையும் உலகத்து மட்பாண்டக் கலையில் தனி இடம் உள்ளவை. அங்கே ஐயனார் கோயில்களில் வரிசை வரிசையாக நிற்கிற சுட்டமண் குதிரைகளில் சில, ஆளுயரத்தையும் மிஞ்சி இருமடங்கு நிற்கின்றன. உள்ளே கூடாக, வளையம் வளையமாக மண்ணை ஏற்றி, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் இறுகிய பிறகே அடுத்ததை வைத்து, நின்ற இடத்திலேயே வைக்கோலும் வரட்டியும் விறகும் மூடிச் சுடுவார்கள். செய்கிறவர்கள் குயவர்களான வேளார். பல ஊர்களில் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும் அவர்கள்தான். சாமியைச் செய்கிறவரே சாமிக்குப் பூசையும் வைப்பார்.

அந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே முனியாண்டியைக் கொண்டு வந்தார்கள், மாடசாமியைக் கொண்டு வந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்று புதிதாக ஒரு சாமியையே உண்டாக்கினார்கள். கல் வந்தது, சூலம் வந்தது, மரத்தடி கிடைத்தது. சுட்டமண் குதிரை மட்டும் வரவில்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. வனையத் தகுந்த களி வயல்வெளியிலும் ஆற்றோரப் பள்ளத்திலும் படிகிறது; தொழிலாளர் குடியிருந்த லயங்கள் சரிவில் இருந்தன. பள்ளத்து வயல் வேறொருவருடையது, சரிவு கம்பெனியுடையது. சூளை போடச் சொந்தமாக ஒரு சாண் நிலம் வேண்டும். விறகு வேண்டும். மண்ணைப் புளிக்க வைத்து, மிதித்து, வனைந்து, காயவைத்துச் சுடுவதற்கு நாட்கணக்கில் ஓய்வு வேண்டும். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்கிறவருக்கு இதில் எது இருந்தது? தோட்டத் துரைக்கு வேண்டியிருந்தது கொழுந்து பறிக்கிற கை. அந்தக் கைக்குள் வேறு என்ன தெரியும் என்று எந்தச் செக்றோல் பதிவேடும் கேட்கவில்லை.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் மண் வனைவது ஒரு சாதிக்குரிய வேலையாகவே இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவன் செய்வான், மற்றவன் சக்கரத்தைத் தொடமாட்டான். அந்தக் கட்டு இங்கேயும் மனத்தில் இருந்தது. இன்று உலகில் மண்ணைத் தொடுகிற கலைஞர்களில் பெரும்பாலோர் குயவர் வீட்டில் பிறந்தவர்கள் அல்லர். அது நல்ல மாற்றம்.

ஆனால் கை ஒன்றுமே அறியாமல் இருந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லயக் காம்பராவில் அடுப்புப் போட்ட நம் அம்மாமாரைப் பாருங்கள். புற்றுமண்ணை வெட்டிக்கொண்டு வந்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பிசைவார்கள். கையில் உருட்டிப் பார்ப்பார்கள். உருட்டிய திரியை விரலில் சுற்றும்போது விரிசல் விட்டால் மண்ணில் இளக்கம் போதாது, ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. பிறகு சாணமும் நறுக்கிய புல்லும் சேர்ப்பார்கள். அடுப்பின் தோள்களை உள்ளங்கையால் அழுத்தி உயர்த்தி, பானை உட்காருகிற மூன்று குமிழையும் சட்டியை வைத்து வைத்து மட்டம் பார்ப்பார்கள். காய்ந்ததும் வெடிப்பு விழுந்த இடத்தில் குழம்பு தடவி மெழுகுவார்கள். மட்பாண்டக் கலைக் கல்லூரியில் முதல் வருடம் கற்பிக்கிற பாடம் இதுதான்: களியின் இளக்கம், கலப்புப் பொருள், சுருக்கம், வெடிப்பு. சாணமும் புல்லும் சேர்ப்பதன் காரணம் மண் காயும்போது ஒரே அடியாகச் சுருங்காமல் இருக்கவும் நெருப்பின் அதிர்ச்சியைத் தாங்கவும்தான். இதை அம்மாமார் யாரும் எழுதி வைக்கவில்லை. கேஸ் அடுப்பு வந்த வீடுகளில் அந்த அறிவு இந்தத் தலைமுறையோடு போய்விடும்.

நம்முடைய சடங்குகளில் மண் பாத்திரம் இல்லாத சடங்கு இல்லை. கரகம் பாலிக்கக் குடம் வேண்டும், அக்கினிச் சட்டி வேண்டும், முளைப்பாரிக்குச் சட்டி வேண்டும், தைப்பொங்கலுக்குப் பானை வேண்டும், சுடுகாட்டில் மூன்று துளையிட்டு உடைக்கிற கொள்ளிக்குடமும் வேண்டும். இவற்றையெல்லாம் கடைவீதியில் வாங்குகிறோம். அவற்றைப் பெரும்பாலும் வனைந்து கொடுத்தவர்கள் பள்ளத்தாக்குக் கிராமங்களின் சிங்களக் குயவர்கள். கண்டி வீதியில் கேகாலைக்கு அருகே மொலகொடவைக் கடக்கிறபோது சாலை ஓரம் முழுவதும் முட்டியும் சட்டியும் அடுக்கியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் பானையில் பால் பொங்கும்போது அதன் வாய்விளிம்பில் ஒரு சிங்களத் தொழிலாளியின் விரல் தடம் இருக்கிறது. இந்த நாட்டில் நடந்த எத்தனையோ கொடுமைகளுக்கு நடுவே அறுபடாமல் இருந்த உறவு இது. இதற்கு நாம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

அந்தக் குயவர்களின் கலையை முதலில் உலகம் அறியும்படி எழுதியவர் ஒரு தமிழர் மகன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் சேர் முத்துக் குமாரசுவாமிக்குப் பிறந்தவர். படித்தது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைவராக இருந்தார். கல்லைத் தேடி இந்த மலைகளில் நடந்தவர், கல்லோடு கூடவே கைவினைஞரையும் கண்டார். கண்டியச் சிங்களக் கலைகளைப் பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அது அச்சானது. குயவரின் சக்கரம், அவர் செய்கிற பாத்திர வகை, அவற்றின் மேல் கீறுகிற கோலம் எல்லாவற்றையும் அன்போடு பதிவு செய்தார். அதே வருடங்களில் அதே மலைகளில் லட்சக்கணக்கான தமிழர் லயங்களில் இருந்தார்கள். கண்டியக் கலை என்ற அந்த நூலின் எல்லைக்குள் அவர்கள் வரவில்லை. அவர்களிடம் காட்டுவதற்குக் கைப்பொருள் இருக்கவும் விடப்படவில்லை. குமாரசுவாமியை நான் குறை சொல்லவில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்ப வேண்டியது நம் பொறுப்பு.

இனித் தேநீருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். இதற்கு நாம் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போக வேண்டும். நம் கதையை விளங்கிக்கொள்ள இதைவிட உதவுகிற கதை எனக்குத் தெரியாது.

16ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் தேநீர்ச் சடங்கு உச்சத்தில் இருந்தது. சென் நோ றிக்யு என்ற தேநீர் ஆசான் ஆடம்பரமான சீனக் கலங்களை ஒதுக்கி, கரடுமுரடான எளிய கிண்ணங்களை உயர்த்திப் பிடித்தார். பிரபுக்களுக்கு அப்படிப்பட்ட கிண்ணங்கள் மீது மோகம் பிறந்தது. அவற்றில் மிக உயர்ந்தவையாகக் கருதப்பட்டவை கொரியாவில் சாதாரணக் குடியானவர் சோறு உண்ட கிண்ணங்கள். 1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் படை கொரியாவைத் தாக்கியபோது, தளபதிகள் குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால் அந்தப் போருக்கே மட்பாண்டப் போர் என்று ஒரு பெயர் உண்டு.

அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர் யி சாம் பியோங். அரித்தா என்ற இடத்தில் 1616இல் அவர் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்தார் என்பது மரபு. ஜப்பானின் பீங்கான் தொழில் அங்கே தொடங்கியது. இன்று அரித்தாவில் ஒரு மலைமேல் அவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது. தெற்கே சத்சுமா நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட இன்னொரு குழுவில் சிம் என்ற குடும்பம் இருந்தது. நானூறு வருடங்களுக்குப் பிறகும், பதினைந்தாம் தலைமுறையில், அந்தக் குடும்பம் சிம் சு குவான் என்ற கொரியப் பெயரோடு அதே ஊரில் சூளை எரிக்கிறது. இடையில் அவமதிப்பும் வந்தது, பெயரை மாற்றிக்கொள்ளும் நெருக்கடியும் வந்தது. மற்றவர்கள் பலர் மாற்றிக்கொண்டார்கள். பட்டறையின் பெயர் மாறவில்லை.

தேநீர் ஆசையால் ஒரு மக்கள் கூட்டம் கடல் கடத்தப்பட்டது என்பதில் அவர்களும் நாமும் ஒன்று. ஒரு வேறுபாடு இருக்கிறது, அது பெரிய வேறுபாடு. அவர்களைக் கொண்டுபோனவன் அவர்களுடைய வித்தைக்காகக் கொண்டுபோனான். அதனால் அவர்கள் செய்த பொருளில் அவர்கள் பெயர் தங்கியது. நம்மைக் கொண்டுவந்தவன் உடலுழைப்புக்காக மட்டும் கொண்டுவந்தான். நாம் பறித்த கொழுந்து கோப்பையில் கரைந்து போனது. யாருடைய கை பறித்தது என்று எந்தத் தேநீரும் சொல்லாது. செய்த கை நிலைத்து நிற்கிற பொருள் ஒன்று நமக்கு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

யானகி சொயெட்சு என்ற ஜப்பானிய அறிஞர், கியோத்தோவின் கோயிலொன்றில் பாதுகாக்கப்படும் கிசாயெமொன் என்ற கொரியக் கிண்ணத்தை 1931இல் பார்த்துவிட்டு எழுதினார். ஏழை ஒருவன் அன்றாடம் உண்பதற்காக, பெயர் தெரியாத இன்னொரு ஏழை செய்த கிண்ணமே உலகின் தலைசிறந்த தேநீர்க் கிண்ணம் என்பது அவர் கண்டது. கையால் செய்கிற மட்பாண்டத்துக்கு இன்று உலகில் இருக்கிற மதிப்பில் பெரும் பங்கு யானகியிடமும் அவருடைய நண்பர்களிடமும் தொடங்குகிறது. அவர்களில் ஹமாடா ஷோஜியும் ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச்சும் 1920இல் இங்கிலாந்தின் சென் ஐவ்ஸ் ஊரில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். பிறகு அந்த அலை எல்லா நாடுகளுக்கும் போயிற்று.

நமக்குப் பக்கத்தில் அது புதுச்சேரியில் வந்து இறங்கியது. ரே மீக்கரும் ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் அமெரிக்காவிலிருந்து வந்து 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பொட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்கு விறகு எரித்து, கடினமண் கலங்கள் செய்தார்கள். இந்தியாவில் இன்று பேர்பெற்ற மட்பாண்டக் கலைஞர்களில் பலர் அந்தப் பட்டறையில் மீக்கரிடம் பயின்றவர்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. சுற்றுவட்டாரத்திலிருந்து அங்கே கூலி வேலைக்குச் சேர்ந்த சாதாரணத் தமிழர்கள் மண் பிசையவும் வனையவும் மெருகு போடவும் சூளை எரிக்கவும் கற்றுக்கொண்டு, பிறகு தனித்தனியாகப் பட்டறை வைத்தார்கள். புதுச்சேரி மட்பாண்டம் என்று ஒரு பெயரே உண்டாகிவிட்டது. மரபு இல்லாத இடத்தில் ஒரே தலைமுறைக்குள் ஒரு கைத்தொழில் வேர்பிடிக்கும் என்பதற்கு அது கண்முன்னே இருக்கிற சாட்சி. மீக்கர் ஒரு படி மேலே போய், பச்சை மண்கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பிட்டுச் சுட்டார். வீடு முழுவதும் ஒரே சுட்டமண்ணாக இறுகியது.

அதே புதுச்சேரியில் வில்லியனூர் முனுசாமியும் இருக்கிறார். அவர் குயவர் மரபில் வந்தவர். சுட்டமண்ணில் விரலளவு உருவங்கள் முதல் பெரிய ஐயனார் வரை செய்பவர். 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. மரபில் வந்தவரும் புதிதாகக் கற்றவரும் ஒரே ஊரில் வேலை செய்வதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் மற்றவருடைய சோற்றில் மண் போடவில்லை.

இப்போது இலங்கையிலிருந்து போன ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். றமேஷ் மாரியோ நித்தியேந்திரன் 1988இல் கொழும்பில் பிறந்தார். போர்க்காலத்தில் கைக்குழந்தையாகப் பெற்றோரோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னியில் ஓவியம் படித்தவர், பிறகு மண்ணுக்குத் திரும்பினார். 2015இல் அவுஸ்திரேலியாவின் பெரிய மட்பாண்ட விருதான சிட்னி மையர் நிதியப் பரிசைப் பெற்றார். 2016இல் கன்பராவின் தேசியக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். 2022இல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் 70 உருவங்களைக் கோபுரம்போல அடுக்கிக் காட்டினார்.

அவருடைய உருவங்களைப் படத்தில் பார்த்தவுடன் சிலருக்குத் திகைப்பாக இருக்கும். பல தலை, பல கை, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய நாக்கு, வரிசை தப்பிய பல். மஞ்சளும் இளஞ்சிவப்பும் நீலமும் பொன்னும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து உறைந்திருக்கும். மண்ணை வழுவழுப்பாக்க அவர் முயல்வதே இல்லை. விரலால் குத்திய குழி, பிய்த்து ஒட்டிய கட்டி எல்லாம் அப்படியே தெரியும். பீங்கான் என்றால் பளபளவென்று சீராக இருக்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு அது முரடாகப் படும். ஆனால் நம் தோட்டத்து மாடசாமியையும் முனியையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது புதிதே அல்ல. உருட்டி விழிக்கிற காவல் தெய்வம், அதன்மேல் அப்பிய நிறம், பயமும் பாசமும் சேர்ந்து வருகிற அந்த உணர்ச்சி நமக்குத் தெரிந்தது. நம்முடைய சாமிகளைப் பார்த்து வெட்கப்பட்டு, சலவைக்கல் சாமிகளை வாங்கி வைக்கிற காலத்தில், அந்த முரட்டு அழகை உலகத்தின் பெரிய கலைக்கூடங்களின் நடுமண்டபத்தில் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். அவரை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

மலையகத்திலேயே இன்று நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள். ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் வைத்துத் தோட்டத்து வாழ்வைச் சித்திரிக்கிறார். அருள்ராஜ் உலகநாதன் தம் மக்களின் உழைப்பையே தம் ஓவியத்தின் பொருளாகக் கொண்டவர். குடித்து எறிகிற பொருளிலிருந்தே கலை செய்யலாம் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள். அந்த வரிசையில் மண் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும்.

வருவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பாதிக்கு மேல் நம் காலடியிலேயே கிடக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற ட்ரையரின் அடுப்பில் தினமும் யூகலிப்டஸ் விறகு எரிகிறது. அதன் சாம்பல் குவிந்து கிடக்கிறது. சாம்பல் உலகின் மிகப் பழைய மெருகுகளில் ஒன்று. மூவாயிரம் வருடங்களுக்கு முன்னே சீனத்துச் சூளைகளில் விறகுச் சாம்பல் பறந்து கலத்தின் தோளில் படிந்து கண்ணாடிபோல உருகியதைக் கண்டுதான் அந்நாட்டுக் குயவர்கள் சாம்பல் மெருகிடக் கற்றார்கள். சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணில் உள்ள படிகத்தைக் குறைந்த வெப்பத்தில் உருகச் செய்கின்றன. சாம்பலைச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிகிற காரநீரை வடித்துவிட வேண்டும். அந்த நீர் கையைப் புண்ணாக்கிவிடும், ஆகையால் கையுறை அவசியம். பிறகு இரண்டு பங்கு சாம்பல், இரண்டு பங்கு பெல்ஸ்பார், ஒரு பங்கு களி. முதலில் ஆயிரம் பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சுட்டு எடுத்த கலத்தை இந்தக் கரைசலில் முக்கி, மறுபடி 1,250 பாகைக்குச் சுட்டால், பச்சையும் பழுப்புமாக மழை வழிந்த சுவடுபோல ஒரு மெருகு கிடைக்கும். பிடுங்கிப் போடுகிற பழைய தேயிலைத் தூரை எரித்தும் சாம்பல் எடுக்கலாம். தேயிலைச் செடி மண்ணிலிருந்து மங்கனீசையும் அலுமினியத்தையும் உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பது. மங்கனீசு மெருகில் பழுப்பைக் கொடுப்பது. அப்படியானால் ஒவ்வொரு தோட்டத்துச் சாம்பலும் தனக்கென்று ஒரு நிறம் தரக்கூடும். சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. கல்லூரி மாணவர் யாராவது இதை ஆய்வாக எடுத்துக்கொண்டால் நான் மகிழ்வேன்.

இந்த ஊர் மழையும் ஈரமும் தடையாகாதா என்று கேட்பீர்கள். ஈரம் உள்ளே தங்கிய கலத்தைச் சூளையில் வைத்தால் நூறு பாகையைத் தாண்டும்போது நீராவி விரிந்து கலம் வெடித்துச் சிதறும். ஆகவே காயவைப்பதில் பொறுமை வேண்டும். ஆனால் வேகமாகக் காய்கிற வறண்ட ஊரில் கலம் கோணும், பிளக்கும். இங்கே மெதுவாகக் காய்கிறது. கையால் அடுக்கிச் செய்கிற பெரிய உருவங்களுக்கு அது நல்லது. தவிர, கொழுந்து வாட்டுவதற்கென்றே காற்றோட்டத்தோடு கட்டிய மேல்தட்டுகளைக் கொண்ட தொழிற்சாலைகள் சில மூடிக் கிடக்கின்றன. கந்தப்பொலையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தொழிற்சாலை 1996இல் ஓட்டலாக மாறியது. மூடிய தொழிற்சாலை ஒன்றாவது ஒரு மட்பாண்டப் பட்டறையாக மாறக் கூடாதா?

வீட்டிலேயே செய்வதானால் இடம் பற்றிய கேள்வி வரும். தனி வீட்டுத் திட்டத்தில் கிடைப்பது சிறு துண்டு நிலம்தான். விறகுச் சூளைக்கு அது போதாது. பழைய இரும்புப் பீப்பாயின் உட்புறத்தில் வெப்பம் தாங்கும் பஞ்சு வைத்து, கேஸ் பர்னர் பொருத்திச் செய்கிற சிறிய சூளை ஒரு மூலையில் அடங்கும். ராக்கு என்கிற எளிய முறையில் ஆயிரம் பாகை வரை சுடுவதற்கு அது போதும்.

என்ன செய்வது என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு உறுதி அதிகம். கூடையோடு சிரிக்கிற கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைக் கோப்பையில் பதித்துச் சுற்றுலாப் பயணிக்கு விற்பது நமக்கு வேண்டாம். அந்தச் சிரிப்பை விளம்பரங்கள் நூறு வருடங்களுக்கு மேலாக விற்றுவிட்டன. அட்டைக்கடியும் குளிரும் முதுகுவலியும் அந்தப் படத்தில் இல்லை. நம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற அளவுக்கு, நம் கை பிடிக்கிற பாங்குக்கு ஒரு கோப்பை செய்வோம். கரகத்துக்குக் குடம் செய்வோம். தேயிலை மலையில் அடையாளமில்லாமல் புதைந்தவர்களுக்காகத் தாழி செய்வோம். ஆதிச்சநல்லூரில் தாழி வைத்த மரபில் வந்தவர்கள் நாம். ரோதைமுனிக்கு முதல் முறையாக ஒரு குதிரை செய்து நிறுத்துவோம். விற்பனை பிறகு வரும்.

இவற்றைச் செய்ய நமக்கு முன்மாதிரி வேண்டுமானால், கம்பளைக்கு அருகே பரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தேயிலைத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. லய அறைகளிலேயே அமைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் புழங்கிய பாத்திரமும் கருவியும் வாத்தியமும் அங்கே இருக்கின்றன. பார்க்காதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கடைசியாக மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள். பத்தனை ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரியை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: மலையகத்துக்கு ஆசிரியர்களை அனுப்புகிற இடம் உங்களுடையது, அங்கே ஒரு சூளை வையுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையிடம் கேட்கிறேன்: மொலகொட போன்ற ஊர்களின் குயவர்களைச் சம்பளம் கொடுத்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அழைத்து வந்து, நம் பிள்ளைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்போடு கற்பிக்கச் செய்யுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற சித்திர ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: சூளை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த வாரமே பிள்ளைகளின் பாட்டிமாரில் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து, புற்றுமண்ணில் அடுப்புப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் செய்கிற ஒவ்வொரு படியையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும்.